ரெண்டு வருஷத்துக்கு முந்தைய படம்

கம்பெனியில் என்னைக் கழுகு என்று சொல்வார்கள். முகத்துக்கு நேராக இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். செக்கிங் மேசையில் என் கையைத் தாண்டித் தையல் விட்ட சட்டை ஒன்று வெளியே போனால், அன்றைக்குச் சூரியன் மேற்கே உதித்தது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்ட என் கண்ணிலேயே மண்ணைத் தூவினாள் ஒருத்தி. வெளியாள் இல்லை, என் கூடப் பிறந்த தங்கை.

எனக்கு இருமல் விடாமல் இருந்தது. பஞ்சுத் தூசிதான் என்று நான் பாட்டுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டு திரிந்தேன். கம்பெனி டாக்டர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, வலது நுரையீரலில் ஒரு புள்ளி மாதிரி தெரிகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்றார். எங்கள் அம்மா போனது நுரையீரல் புற்றுநோயில். அவளும் முதலில் இருமிக்கொண்டுதான் இருந்தாள்.

துணைக்குச் சின்னவள் வந்தாள். அம்மாவுக்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து எல்லாம் நான்தான். நான் சொல்லித்தான் எங்கள் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை.

கம்பெனி கொடுத்திருக்கும் மருத்துவக் கார்டை நீட்டினேன், அதைக் காட்டினால் அங்கே காசு கிடையாது. ஸ்கேன் எடுக்கும் பெண் வாய் ஓயாமல் கேள்வி கேட்டாள். கிட்னியில் ஏதாவது கோளாறு உண்டா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்ததுண்டா, கர்ப்பமாக இருக்கிறேனா.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"எல்லாரையும் கேக்கணும்மா. தோடு, செயின், கொக்கி வச்ச உள்சட்டை எல்லாம் கழட்டிடுங்க. உலோகம் இருந்தா படத்துல வெள்ளையா அடிக்கும். மருந்து ஏத்தும்போது உடம்பு சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டீங்க, பயப்படாதீங்க."

அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. மூச்சை இழுத்துப் பிடி என்றார்கள், பிடித்தேன். விடு என்றார்கள், விட்டேன். வெளியே வரும்போது அந்தப் பெண், "ரிப்போர்ட் மட்டும் போதாதும்மா, படத்தையும் டிஸ்க்குல கேட்டு வாங்கி வைங்க. பழசு இருந்தா அதையும்" என்றாள். கூட்டமாக இருந்ததால் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நெஞ்சு டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க எடுத்ததுலயும் இதே பக்கம் புள்ளி இருக்குன்னு ரிப்போர்ட் சொல்லுது. அளவும் கிட்டத்தட்ட அதேதான். கெட்டதா இருந்தா இத்தனை நாள்ல வளர்ந்திருக்கும். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாக்கலாம்னு இருந்தேன், அது வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

ரெண்டு வருஷம் முன்னால் கம்பெனி எங்களையெல்லாம் வேனில் ஏற்றி வந்து இங்கேதான் எக்ஸ்ரே எடுத்தது. அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போது எனக்கு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒன்றுதான். பக்கத்தில் இருந்த சின்னவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். டாக்டரே தண்ணீர் கொடுக்கச் சொன்னார். என் மேல் இவ்வளவு பாசமா என்று எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்து அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மடச்சி நான்.

அடுத்த வாரம் லீவு நாளில் அந்த டிஸ்க் வாங்கத் தனியாகப் போனேன். அதே பெண்தான் இருந்தாள். அந்தப் பழைய எக்ஸ்ரேயையும் சேர்த்துப் போட்டுக் கொடு என்றேன்.

"எக்ஸ்ரே தனியா இருக்கு, அதுல ஒண்ணுமே எழுதல. டாக்டர் சொன்னது உங்க பழைய சி.டி. ஸ்கேனை."

"அதுவும் இதுவும் வேற வேறயா?"

"எக்ஸ்ரே ஒரே ஒரு நிழல்மா. சின்னதா இருந்தா மறைஞ்சு போயிடும். இது ஸ்லைஸ் ஸ்லைஸா எடுக்கறது."

எங்கள் தொழிலில் சொன்னால், அடுக்கிய சட்டைகளை மேலாகப் பார்ப்பதற்கும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம். அது புரிந்த உடனே சொன்னேன்.

"நான் இந்த மிஷினுக்குள்ள படுத்ததே போன வாரம்தான் கண்ணு."

அவள் நம்பவில்லை. பழைய படத்தைத் திறந்தாள், பக்கத்திலேயே புதியதையும். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க தோள்ல இருந்த தகடு எங்கம்மா?"

பழைய படத்தில் காறை எலும்பின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு தகடு, வரிசையாகத் திருகுகள். எனக்குத் தெரியாதா அந்தத் தகடு? பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்த சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினவள் நான். ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழிக்கிறவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.

சாயங்காலம் சின்னவள் அறைக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

"என் கார்டுல ஸ்கேன் எடுத்தியா?"

முகம் வெளுத்துவிட்டது. மழுப்பவில்லை, அதை மட்டும் சொல்ல வேண்டும்.

"நீ டிரெயினிங் போயிருந்த வாரம்க்கா. மூச்சு விடவே முடியல, காய்ச்சல் வேற. எனக்கு அப்போ வேலை ஏது? கார்டு பீரோவுல இருந்துச்சு. நம்ம ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணுதானே, யாரும் கேக்கல."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா திட்டியிருப்ப."

"திட்டிட்டுக் குடுத்திருப்பேன்டி."

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. கார்டை எடுத்தது போகட்டும். அது அன்றைக்கு அவள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள, நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்க வந்தது வேறு.

"டாக்டர் பழைய ஸ்கேன்னு சொன்னப்போ நீ என் பக்கத்துல உக்காந்திருந்த. அது உன்னோடதுன்னு தெரியும். எனக்கு ஊசி வேண்டாம்னு சொன்னார். அதையும் கேட்டுக்கிட்டுதானே இருந்த?"

"எனக்கும் புள்ளி இருக்கு, நான் நல்லாத்தானே இருக்கேன். உனக்கும் அப்படித்தான் இருக்கும்னு..."

"இல்லைன்னா?"

தரையைப் பார்த்தபடி சொன்னாள். "இன்னும் ஆறு மாசத்துல பர்மனெண்ட் ஆயிடும்க்கா. அதுவரைக்கும் பொறுத்துக்கயேன். இப்போ வெளிய வந்தா என்னைத் தூக்கிடுவாங்க."

ஆறு மாதம். அம்மாவுக்குக் கண்டுபிடித்த பிறகு அவ்வளவு நாள் கூட இல்லை, அது இவளுக்கும் தெரியும். எதிரி குழி பறித்தால் தாண்டிப் போய்விடலாம். மடியில் போட்டு வளர்த்தவள் என் உயிரை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். அந்த நிமிஷம் அவளை எனக்கு அடியோடு பிடிக்காமல் போயிற்று. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை டாக்டர் அறை வாசலில் அவள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, கையில் எனக்குத் தண்ணீர் பாட்டில். நான் வாங்கவில்லை. உள்ளே போனேன். திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"டாக்டர், அந்தப் பழைய ஸ்கேன் என்னோடது இல்ல."

அவர் இரண்டு படங்களையும் திறந்து பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ரிப்போர்ட்டோட கடைசி வரியை மட்டும் பாத்துட்டேன். படத்தைத் திறந்திருக்கணும், என் தப்பு. அப்போ உங்க புள்ளி எவ்வளவு நாளா இருக்குன்னு நமக்குத் தெரியாது. ஊசி விட்டு எடுத்துப் பாத்துடலாம், தள்ளிப் போட வேண்டாம். சரி, இது யாரோட ஸ்கேன்? கம்பெனிக்கு எழுதணும்."

வாசலில் சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல டாக்டர். கார்டைப் பூட்டி வைக்காதது என் தப்புதான். எழுதிக்கோங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஊசி போட சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும். கூட யார் வந்திருக்காங்க?"

சின்னவள் ஓரடி உள்ளே வைத்தாள். "டாக்டர், நான்..."

"யாரும் வரல டாக்டர்" என்றேன். "நானே போடறேன், பேனா குடுங்க."