எழுதுனதுதான் அளவு

பதின்மூன்று மாதம் முனீஸ்வரி ஒரு ஆளைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள். ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலில் கிடந்த அன்றுகூடப் போர்வைக்குள்ளிருந்து போனைத் தட்டிப் புகழ்ந்தாள். அன்பு என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. அத்தனையும் வஞ்சம்.

பழங்காநத்தத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தாள். உப்புத் தண்ணீர், நீல விளக்கு, உள்ளே பவளம். கடலில் பெயர்த்தெடுக்கிற கல் பவளம் இல்லை; அதைத் தொட்டால் சட்டம் பிடிக்கும். இது தொட்டியிலேயே வளர்ந்து தொட்டிக்குத் தொட்டி கைமாறுகிற பொத்தான் பவளம். சட்டைப் பொத்தான் அளவில் வட்ட வட்டமாகப் பாறையில் ஒட்டியிருக்கும். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு பொத்தானும் இமை மயிரை விரித்த மாதிரி விரியும். அதனால் அவள் அதைப் பொத்தான் என்று சொல்ல மாட்டாள், முகம் என்பாள்.

நடுவில் மஞ்சள், ஓரத்தில் குங்கும நிறம். யாரோ வேண்டாமென்று தள்ளிய ஒற்றை முகத்தில் ஆரம்பித்து ஐந்து வருடத்தில் நூற்று நாற்பது முகமாக்கியிருந்தாள். வளர்த்தவர்தான் பேர் வைக்கலாம், அது அவர்கள் வழக்கம். தங்கப்பொண்ணு என்று பேர் வைத்தாள்.

இந்தப் பவளக்காரர்களுக்கு அளவுக்கென்று தனிப் பேச்சு உண்டு. வெட்டி ஒட்டிய சின்னத் துண்டு, நாலைந்து முகம் இருந்தால் அது பிராக். பாறையை மூடிப் பரவிவிட்டால் காலனி. எல்லாத் துண்டுக்கும் தாயாக நிற்பது மதர் காலனி. அவள் புருசன் நல்லகாமனுக்கு இதெல்லாம் சிரிப்பு.

“பிராக்குங்கிற, காலனிங்கிற. பிள்ளைக்குத் துணி எடுக்கிறியா, வீட்டுமனை வாங்குறியா?”

ஆனால் காலனி என்கிற வார்த்தையை அவள் வாய் திறந்து சொன்னதே இல்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை, “எங்க, ஒண்ணும் திங்கவே மாட்டேங்குது” என்று சொல்லி இடுப்பில் தூக்கிக்கொண்டு போவோமே, அந்தப் பயம்தான். கண் பட்டுவிடும். படம் எடுத்துப் போட்டதுகூடக் கிடையாது. பவளக்காரர்களின் வாட்ஸப் குழுவில் யார் கேட்டாலும், “சின்ன பிராக்தாங்க” என்றே எழுதுவாள்.

அந்தக் குழுவை நடத்துகிறவன் அசோக்குமார். சிம்மக்கல்லில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறான். மதுரையில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்த எவரும் உப்புக்கும் தீவனத்துக்கும் அவன் கடைக்குத்தான் போக வேண்டும்.

போன வருடம் சித்திரை வெயிலில் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது. மாற்ற நாலு நாளாகும் என்றார்கள். தொட்டித் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. முனீஸ்வரி அவசரமாக எழுதினாள்: “அண்ணே, கரண்ட் இல்ல. என் சின்ன பிராக்கை நாலு நாள் உங்க தொட்டியில வச்சிருங்க.” வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, பாறையோடு பவளத்தை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் போனபோது அசோக்குமார் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினான். உள்ளே விரல் நுனி அளவு கல். அதில் மூன்று முகம்.

“என்னண்ணே இது?”

“உன் பிராக்தாம்மா.”

“விளையாடாதீங்கண்ணே. நான் பாறையோட குடுத்தேன். இம்புட்டுப் பெருசு.”

“பெருசா? நீ எழுதுனதைப் பாரு.” போனைத் திருப்பிக் காட்டினான். “சின்ன பிராக். சின்னங்கிறதை வேற சேர்த்து எழுதியிருக்க. பிராக் குடுத்த, பிராக் வாங்கிக்க.”

அவள் கத்தினாள், அழுதாள். அவன் அன்று சாயங்காலமே குழுவில் விதி போட்டான்: எழுதுனதுதான் அளவு. பின்னாடி பேச்சு இல்லை. அவன் கடையில் உப்பு வாங்குகிற அத்தனை பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

அந்த மூன்று முகமும் வெட்டுக்காயம் அழுகி ஒரு வாரத்தில் கரைந்துபோயின. மறுமாதம் அசோக்குமார் படம் போட்டான்: “நம்ம கடை மதர் காலனி. பேர், அசோக் கோல்டு.” அவள் பாறை. அவள் முகங்கள்.

“போலீசுக்குப் போவமா?” என்றான் நல்லகாமன். அவன் அன்று சிரிக்கவில்லை.

“என்னன்னு எழுதிக் குடுக்க? என் கைப்படதான் பிராக்னு எழுதியிருக்கேனே.”

அவள் குழுவை விட்டு விலகவில்லை, தங்கங்களே. அங்கேதான் உட்கார்ந்தாள். அசோக்குமார் கடை வாசலை அவள் பார்த்திருக்கிறாள். பூசணிக்காய் ஒன்று, படிகாரம் ஒன்று, எலுமிச்சம்பழம் மிளகாய்ச் சரம் ஒன்று, நாக்கை நீட்டின பொம்மை ஒன்று. அவளுக்கு இருந்த அதே பயம் அவனுக்கு நாலு மடங்கு. அந்தப் பயத்தை எடுத்தே அவனை அடித்தாள்.

“என்னா காலனிண்ணே!”

“மதர் காலனின்னா இதுதான் மதர் காலனி. மதுரையில இம்புட்டுப் பெருசு யாருக்கு இருக்கு?”

“எண்ணிப் பார்த்தேண்ணே. நூத்தி அறுபத்திரெண்டு முகம்!”

அவன் போடுகிற ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, ஒன்று இரண்டு என்று எண்ணி, தினம் காலையில் போடுவாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கண் வைக்கிறோம் என்று தெரியாமலே முப்பது பேர் கண் வைத்தார்கள்.

பொத்தான் பவளம் சில நாள் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும், பிறகு தானே விரியும். முனீஸ்வரிக்கு அது தெரியும். அசோக்குமாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஒரு புதன்கிழமை பத்துப் பன்னிரண்டு முகம் மூடிக்கொண்டதும் அவன் தொட்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டினான். வருகிறவர்கள் பார்க்காமல் துண்டைப் போட்டு மூடினான். அவளுக்கே போன் போட்டான்.

“ஏம்மா, எண்ணாதம்மா.”

“சந்தோசத்துல எண்ணுறேண்ணே. உங்க வளர்ச்சியைப் பார்த்துச் சந்தோசப்படக் கூடாதா?”

யார் ஒரு துண்டு கேட்டாலும் அவன் கொடுக்கவில்லை. “மதர் காலனியில கத்தி வைக்கக் கூடாது” என்பான். எல்லாரும் அவன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அவள் அந்த ஆசையையும் தடவிக் கொடுத்தாள். “கூட்டத்துக்குக் கொண்டு வாங்கண்ணே, எல்லாரும் கண் நிறையப் பார்க்கட்டும்.” கண் நிறைய என்று எழுதியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழங்காநத்தத்தில் ஒரு மண்டபத்து மாடியில் குழு கூடியது. ஆளுக்கு ஒரு பவளம் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிற நாள். சீட்டுக் குலுக்கி, பேர் வருகிற வரிசையில் ஆளுக்கு ஒன்று எடுக்கலாம்; எடுத்தவர் கொண்டுவந்தது, எடுத்த பவளத்துக்குச் சொந்தக்காரருக்குப் போகும். சுவரில் அசோக்குமார் ஒட்டிய தாள்: எழுதுனதுதான் அளவு. பிராக் எல்லாம் மாத்திக்கொள்ள. காலனி பார்க்க மட்டும்.

அவன் கண்ணாடிப் பெட்டியோடு படியேறியதும் ஏழெட்டுப் பேர் போனை நீட்டிக்கொண்டு சூழ்ந்தார்கள். “ஆத்தீ, எம்புட்டுப் பெருசு!” இடித்ததிலும் ஆடியதிலும் நாலைந்து முகம் மூடிக்கொண்டது. அசோக்குமாருக்கு வேர்த்துவிட்டது. பெட்டிமுன் வைக்கிற அட்டையை எடுத்தான். காலனி என்று எழுதக் கை வரவில்லை. இத்தனை கண்ணுக்கு நடுவே எப்படி எழுதுவான்? “சின்ன பிராக்” என்று எழுதி நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனான்.

முனீஸ்வரி தூரத்திலிருந்து அந்த அட்டையைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். அவள் கொண்டுவந்திருந்தது சாணி நிறத்தில் ஒரு பொத்தான் பவளம். தொட்டிக்குத் தொட்டி களையாக மண்டுகிற, யாரும் கையில் வாங்காத வகை. அட்டையில் “பிராக்” என்று எழுதி மேசையில் வைத்தாள்.

கொட்டாம்பட்டியிலிருந்து வந்த அருண்பாண்டி சீட்டு எடுத்தான். ஆறாவது பேர் அவளுடையது. நேராகப் போய்க் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கினாள்.

“ஏய், ஏய்! அது பார்க்கிறதுக்கு!” அசோக்குமார் டம்ளரோடு ஓடிவந்தான்.

“காலனிதானேண்ணே பார்க்கிறதுக்கு? இது பிராக். சின்னங்கிறதை வேற சேர்த்து எழுதியிருக்கீங்க.”

“கண்ணு அவிஞ்சா போச்சு? காலனின்னு தெரியல?”

“கண்ணுக்குத் தெரியுதுண்ணே. எழுத்துல தெரியலையே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் மாடியே சிரித்தது. அருண்பாண்டி சுவரைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான். “அண்ணே, நீங்க போட்ட ரூல்தான். நாங்கெல்லாம் கட்டைவிரல் தூக்குனோம்ல? உங்களுக்கு அக்காவோட பிராக். சாணிக்கலரு.”

அதோடு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். வாசலில் நல்லகாமன் வண்டியோடு நின்றான். ஆனால் அசோக்குமார் சும்மா இருக்கவில்லை. சொன்னான்: “கொண்டு போ. ஆனா பதினாலு மாசம் பிள்ளை மாதிரி வளர்த்தேன். கத்தியே வைக்கல.”

“ஒரு தடவை வச்சீங்கண்ணே” என்றாள். “எனக்கு வெட்டிக் குடுத்தீங்களே, மூணு முகம்.”

பெட்டியை மேசையில் இறக்கினாள். பையிலிருந்து கையுறையையும் கண்ணாடியையும் எடுத்து மாட்டிக்கொண்டாள்; அந்தப் பவளத்துச் சாறு விஷம். பிறகு வெட்டுக் குறடை எடுத்தாள். கொண்டுவந்திருந்தாள், பாருங்கள்.

“வேணாம்மா! மதர் காலனி!”

பாறை நறுக்கென்று இரண்டானது. அவளுக்கும் கண் கலங்கியது. ஐந்து வருடம் அவள் எண்ணி வளர்த்த முகங்கள் அவை. கை நிற்கவில்லை. இரண்டு நாலானது, நாலு எட்டானது. கட்டைவிரல் தூக்கிய அத்தனை பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். முப்பத்தோரு டப்பா, முப்பத்தோரு துண்டு. ஒவ்வொரு மூடியிலும் தங்கப்பொண்ணு என்று எழுதிக் கொடுத்தாள். இனி மதுரையில் எந்தத் தொட்டியை எட்டிப் பார்த்தாலும் அவன் அந்தப் பேரைத்தான் படிக்க வேண்டும். கடைசித் துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

அசோக்குமார் பக்கத்தில் வந்து நின்றான். “ஒண்ணே ஒண்ணு குடும்மா. ஒரு முகம்.”

“தீர்ந்துபோச்சேண்ணே.”

எல்லாரும் டப்பாவை உயர்த்திப் பிடித்துப் படத்துக்கு நின்றார்கள். டப்பா இல்லாத ஆள் அவன் ஒருவன்தான். முனீஸ்வரி தன் போனை அவனிடம் நீட்டிவிட்டு நடுவில் போய் நின்றாள். அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

“கை ஆடிருச்சுண்ணே. இன்னொண்ணு எடுங்க.”