பொம்மையிடம் பேரம் பேசிய ராட்சசன்

திரைத்துணிக் கடை வைத்திருந்த அவரைக் கடைத்தெருவில் எல்லாரும் 'கறார்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டும் பயன்பட்டது. விற்கும்போது இறங்கமாட்டார், வாங்கும்போது ஏறமாட்டார். இப்படிப்பட்டவரால் கடையை நடத்த முடிந்ததே ஒரு வித்தையால்தான். அந்த வித்தைக்கு அவர் வைத்த பெயர் 'நடை'.

விலையைக் கேட்க வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும். பாதி விலை சொல்ல வேண்டும். எதிராளி சிரிப்பான், நாமும் சிரிக்க வேண்டும். பிறகு "சரி, வரேன்" என்று கிளம்ப வேண்டும். இங்கேதான் கலை. வேகமாகப் போனால் நிஜமாகவே போகிறான் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாகப் போனால் ஆசை தெரிந்துவிடும். செருப்பில் சின்னக் கல் மாட்டியவன் மாதிரி நடக்க வேண்டும். முதல் தடவை கூப்பிட்டால் காது கேட்கக் கூடாது. இரண்டாவது குரலுக்குத் தோள் மட்டும் திரும்பலாம். மூன்றாவது குரலுக்குத்தான் ஆள் திரும்ப வேண்டும். மூன்றாவது குரலில் வருவதுதான் விலை, முதல் இரண்டும் வாய்ச்சவடால்.

இந்த வித்தையை வைத்துக் கடையில் ஓரளவு சம்பாதித்தவர், வீட்டில் சாயங்காலங்களை மொத்தமாகத் தொலைத்தார்.

அவர் மனைவிக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் ஊரார் ரத்தத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஓர் ஆன்லைன் விளையாட்டுக்குள் இறங்கிவிடுவாள். வாளும் வில்லும் மந்திரமும் டிராகனுமாக, எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் வந்து கூடும் மாய உலகம் அது. அங்கே அவள் பச்சை முக்காடு போட்ட வில்லாளி, ஐந்து பேர் அணிக்குத் தளபதி. "அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்களேன்" என்று இழையும் அதே வாய், அங்கே "இடது பக்கம் ஒதுங்குடா, தலை போயிடும்!" என்று உறுமும்.

இரண்டு தடவை அவரையும் கூப்பிட்டாள். முதல் தடவை, "பொம்மைச் சண்டைக்கெல்லாம் எனக்கு எங்க நேரம்?" என்றார். உண்மையில், மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, அவரிடம் நேரம் விற்காத சரக்கு மாதிரி அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடந்தது. இரண்டாவது தடவை, உறவுக்காரர்கள் சாப்பிட வந்திருந்தபோது, "நீங்களும் வாங்களேன், நல்லா இருக்கும்" என்றாள். கூட்டத்தைக் கண்டால் கறாருக்கு நாக்கு நீளும். "என்னை அந்தப் பக்கம் பாத்தேன்னு எவனாவது சொன்னா, கடையை உன் பேருக்கு எழுதி வெச்சிடறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கறார் மனதுக்குள் தோளை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தார்.

குரல் வரவில்லை. மாதங்கள்தான் வந்து வந்து போயின. பக்கத்து அறையில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம், செய்தித்தாளில் படித்த வரியையே மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவள் தன் தம்பியிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. அணியில் வைத்தியராக இருந்தவர் விலகிவிட்டாராம். "சனிக்கிழமை சாயங்காலம் ஒரு சண்டை வெச்சுப் பாத்து ஆள் எடுத்துடணும்டா. அப்புறம் அஞ்சு இடமும் நிறைஞ்சிடும், யாரையும் சேக்கறதா இல்ல."

கறார் மறுநாள் காலையே, கடைக்கு எதிரில் போன் பழுதுபார்க்கும் அந்த மச்சினனைக் கூப்பிட்டார். அவனும் அந்த அணியில் ஒருவன்.

"இதுக்கு எதுக்கு அத்தான் திருட்டுத்தனம்? அக்காகிட்ட நேரா கேட்டா முடிஞ்சுது."

"கேட்டா இறங்கி வந்த மாதிரி ஆயிடும் மாப்ளே. யாரோ மாதிரி உள்ள போறேன். திறமையைப் பாத்து அவளே எடுக்கட்டும். எடுத்த சரக்கைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

"யாரோட திறமை?"

"போடா."

துணிச்சுருள்களுக்கு நடுவே கடைக் கம்ப்யூட்டரில் விளையாட்டு ஏறியது. எந்த உருவம் வேண்டும் என்று திரை கேட்டது. "குள்ளன், வனத்துக்காரன், மனுஷன், ராட்சசன். எது அத்தான்?"

"எல்லாம் ஒரே விலையா?"

"எல்லாமே இலவசம்."

"அப்ப ராட்சசன். ஒரே விலைக்கு எதுக்குச் சின்ன சைஸ் எடுக்கணும்?"

இப்படியாக அந்த உலகத்திலேயே பெரிய உடம்போடு, அந்த உலகத்திலேயே சாதுவான வைத்தியத் தொழிலுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். மச்சினன் புத்தி சொன்னான்: "கிடைக்கிற மருந்தைச் சேத்து வைக்காதீங்க, அடிபட்டா உடனே குடிங்க. தெரியாததைச் சாட்ல கேளுங்க, யாரும் கடிக்க மாட்டாங்க." கறார் தலையாட்டினார். மொத்த வியாபாரிகள் பேசும்போதும் அந்தத் தலை இப்படித்தான் ஆடும். ஆடியதற்கும் கேட்டதற்கும் சம்பந்தமே இருக்காது.

மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் ராட்சசன் சதுப்பு நிலத்தில் காலை வைத்தான். முதல் எதிரி ஒரு தவளை. முழங்கால் உயரம்கூட இல்லை. அது நாக்கை நீட்டி அறைந்தது. மருந்து குடிக்கலாம். ஆனால் கையில் இருக்கும் மருந்து நாளைக்கு என்ன விலை போகுமோ? இன்னொரு அறை. இந்தச் சின்ன அடிக்கெல்லாமா மருந்து? மூன்றாவது அறையில் ராட்சசன் மல்லாந்தான். பை நிறைய மருந்து, ஒரு சொட்டுக் குறையவில்லை. 'சபாஷ் முதலாளி, சரக்கைக் காப்பாத்திட்டீங்க, ஆள்தான் போயிட்டாரு' என்று தன்னையே தட்டிக்கொடுத்தார். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் ஒரு பார்வை வேறு, காலிக் கடைக்குள்.

உயிர் திரும்பியதும் தவளைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் நேராகச் சந்தைச் சதுக்கத்துக்குப் போனார். அங்கே தாடி வைத்த குள்ளன் ஒருவன் ஊன்றுகோல் விற்றுக்கொண்டிருந்தான். "வணக்கம் வீரரே, என்ன வேண்டும்?" என்றான். கறாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பாடா, இதுதான் நம்ம களம்!

விலையைப் பார்த்தார். சாட்டில் தட்டினார்: "பாதி விலைக்குக் குடுங்க."

"வணக்கம் வீரரே, என்ன வேண்டும்?"

"முதல் போணி, கட்டுப்படி ஆகற விலை சொல்லுங்க."

"வணக்கம் வீரரே, என்ன வேண்டும்?"

"கடைசியா என்னதான் சொல்றீங்க?"

அதற்கும் வணக்கம்தான். கறார் நடையைக் கட்டினார். ராட்சசன் செருப்பில் கல் மாட்டியவன் மாதிரி கோட்டை வாசல் வரை போனான். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தார். மறுபடி கேட்டார், மறுபடி நடந்தார். ஆள் அசரவே இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

மச்சினன் டீயோடு உள்ளே வந்தபோது கறார் வியந்துபோய் உட்கார்ந்திருந்தார். "மாப்ளே, எத்தனையோ வியாபாரிகளைப் பாத்துட்டேன். இப்படி ஒரு கல்லுளிமங்கனைப் பாத்ததில்லை. இவன்கிட்ட நான் தொழில் கத்துக்கணும்."

மச்சினன் திரையைப் பார்த்தான். சிரிப்பில் டீ கொஞ்சம் சிந்தியது. "அத்தான், அது ஆளே இல்ல. பொம்மை. சொன்ன விலைக்கு வாங்கணும், இல்லன்னா போகணும், அவ்வளவுதான். நீங்க தட்டினதெல்லாம் சதுக்கத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும்."

நிஜம்தான். கிணற்றடியில் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி பச்சை முக்காடு போட்டிருந்தாள். அன்று அவளுக்கு வேலை நேரம் சீக்கிரம் முடிந்திருந்தது.

கறார் நாற்காலிக்கு அடியில் ஒளியப் பார்த்தார். அதற்குள் திரையில் எழுத்து வந்தது.

"புதுசா?"

"ஆமாங்க" என்று தட்டினார்.

"வாங்க, சொல்லித் தரேன். மைக் இருக்கா?"

"ரிப்பேருங்க."

அன்றிலிருந்து தினமும் சொல்லிக்கொடுத்தாள். "வைத்தியர் முன்னால போய் அடிக்கக் கூடாதுங்க. பின்னால நின்னு எல்லாரையும் பாத்துக்கணும்." "பையில பாதியாவது காலியா இருக்கட்டும், வழியில நல்லது கிடைச்சா எங்க வைப்பீங்க?" "செத்தா வெக்கப்படாதீங்க. இங்க எல்லாரும் செத்துச் செத்துதான் கத்துக்கிட்டோம்." கறாருக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் வாஷிங் மெஷினை இயக்க அவள் சொல்லித்தந்தபோது இவ்வளவு பொறுமை இல்லையே! பிறகு நினைவுக்கு வந்தது, அன்றைக்கு அவர் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை, ஆறப்போட முடியாமல், மெல்லத் தூண்டில் போட்டார். "உங்க வீட்டுக்காரர் விளையாட மாட்டாரா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். வரலை."

"இன்னொரு தடவை கூப்பிட்டுப் பாக்கறதுதானே?"

"அவர் கடைக்காரர். மூணாவது குரலுக்குத்தான் திரும்பிப் பாப்பாரு. நான் என்ன கடையா நடத்தறேன்?"

கறார் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரைத்துணி கேட்டு வந்த அம்மாள் இரண்டு முறை இருமிய பிறகுதான் எழுந்தார். அன்று அந்த அம்மாளுக்கு முதல் வார்த்தையிலேயே விலை குறைந்தது. அம்மாள் பயந்துபோய், துணியில் ஏதோ பழுது இருக்கிறது என்று வாங்காமலே போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம், "கடையில சரக்கு எடுத்து அடுக்கணும், வர நேரமாகும்" என்று வீட்டுக்குப் போன் செய்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். குகைக்குள் அணி இறங்கியது. ராட்சசன் சொன்னபடி பின்னால் நின்றான். அவன் பையில் ஓர் அமுதக் குப்பி இருந்தது. போகிற உயிரைப் பிடித்து நிறுத்தும் மருந்து, அவரிடம் இருந்ததிலேயே ஒசத்தி. கல் டிராகன் எழுந்து வாலைச் சுழற்றியது. வில்லாளி சுவரில் மோதி விழுந்தாள்.

"வைத்தியரே, மருந்து!"

கறாரின் விரல் குப்பியின் மேல் போய் நின்றது.

"மருந்து குடுங்க!"

தோள் திரும்பியது. விரல் அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. இத்தனை வருஷம் கடைத்தெருவில் நடந்த நடை, அந்த ஒரு விரலில் வந்து உட்கார்ந்திருந்தது. அது மூன்றாவது குரலுக்குக் காத்திருந்தது.

மூன்றாவது குரல் வரவில்லை. செத்தவர்கள் கூப்பிடுவதில்லை.

தளபதி போனதும் மற்றவர்களும் வரிசையாகச் சாய்ந்தார்கள். கடைசியாக ராட்சசன், கையில் குப்பியோடு. எல்லாரும் கோட்டை வாசலில் உயிர்த்து எழுந்தபோது அணியின் கேடயக்காரன் பொரிந்தான்: "இவர் வைத்தியரா, கிடங்குக்காரரா?"

"விடுங்க, புதுசு" என்று தட்டினாள் வில்லாளி. பிறகு, "வைத்தியர் இடத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"சரி, வரேன்" என்று தட்டிவிட்டு ராட்சசன் நடந்தான். கால் பழக்கத்தில் செருப்பில் கல் மாட்டியது. வாசலைத் தாண்டும் இடத்தில் கறார் அவனை நிறுத்தினார். பின்னால் சத்தமே இல்லை. இந்த வாசலுக்கு இதே நடையில் இதற்கு முன்னாலும் வந்திருக்கிறோமே என்று தோன்றியது. அப்போது எதிரில் இருந்தது பொம்மை. இப்போது கூப்பிட வாயுள்ள மனுஷி, இரண்டு தடவை கூப்பிட்டும் ஆயிற்று. இதில் யார் பொம்மை என்று யோசித்தார். விடை பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல் ஷட்டரை இழுத்துப் பூட்டினார்.

வீட்டில் அவள் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். கறார் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றார். உதட்டைப் பிதுக்கவில்லை.

"ஏம்மா, என்னையும் உங்க அணியில சேத்துக்கோயேன்."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "உங்க ராட்சசன் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஜனங்க போக வர வேண்டாமா?"

கறார் திரையை எட்டிப் பார்த்தார். "எப்பத் தெரியும்?"

"பொம்மைகிட்ட 'கடைசியா என்னதான் சொல்றீங்க'ன்னு கேக்கற ராட்சசன் உலகத்துல எத்தனை பேர் இருப்பாங்க? அதுவும் அந்த நடை! கல்யாணமான புதுசுல கட்டில் வாங்கப் போனப்போ பாத்த அதே நடை."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்களா கேக்கறீங்களான்னு பாத்தேன். கடையை எழுதி வெக்கிறேன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

கறார் சட்டைப் பையில் கடைச் சாவியைத் தேடினார்.

"வேண்டாம், எனக்கு எதுக்கு அவ்வளவு திரைத்துணி? ஆனா வைத்தியர் இடம் இல்லைன்னா இல்லதான், அதுல மாத்தம் கிடையாது. உங்களை நம்பி இன்னொரு தடவை சாக முடியாது. மூட்டை தூக்க ஒரு ஆள் வேணும். அணியோட பின்னாலயே வரணும், சண்டையில வாய் திறக்கக் கூடாது. சம்மதமா?"

மூட்டை தூக்கியா! கடைத்தெருவுக்கே கறார், இங்கே சுமைக்காரன். நாக்கு நுனியில் 'அரை வைத்தியர், அரை சுமைக்காரர்' என்று ஒரு விலை வந்து துடித்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"சரி" என்றார்.

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "என்ன, பேரம் இல்லையா?"

"சொன்ன விலைதான். கொசுறு மட்டும் ஒண்ணு குடு."

"அதானே பாத்தேன். என்ன கொசுறு?"

கறார் குரலைத் தாழ்த்தினார், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதும். "சதுப்பு நிலத்துல ஒரு தவளை இருக்கு. அதை எனக்காக ஒரு தடவை அடிச்சுக் குடு."

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும். அங்கே செய்தித்தாளோடு உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை. மகளின் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டாள். முன்னால் பச்சை முக்காடு, பின்னால் மூட்டையோடு ராட்சசன், இரண்டு பேரும் சதுப்பு நிலத்துக்குப் போனார்கள். தவளை இருந்தது. ஒரே அம்பில் கதை முடிந்தது. ஆனால் சாவதற்குள் அது நாக்கை நீட்டி வில்லாளியின் முழங்கையில் லேசாக ஒரு தட்டுத் தட்டியது.

கறார் உடனே அமுதக் குப்பியை எடுத்து அவள் தலையில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரை.

"ஏங்க! இருந்ததே அது ஒண்ணுதான். இந்தக் கீறலுக்கா?"

"நீ கூப்பிடறதுக்குள்ள குடுத்துட்டேன்ல?" என்றார் கறார்.