இருபத்து மூன்று கட்டைகளுக்கு இரண்டாம் சாட்சி

1

வரும் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு விசாரணையில் நான் பொய் சொல்ல வேண்டும். இந்தக் கதை அதற்கான ஒத்திகை. கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் வழக்கமாக எதையாவது அளந்துவிடுவேன். இந்த முறை அதற்குத் தெம்பில்லை.

என் அக்காவின் கணவர் வனத்துறையில் வனவர். நான்கு மாதங்களுக்கு முன் சோதனைச் சாவடி அருகே ஒரு லாரியை மறித்து, அதிலிருந்த இருபத்து மூன்று மரக்கட்டைகளைப் பறிமுதல் செய்தார். பறிமுதல் என்றால் லாரியை ஓட்டிக்கொண்டு போய்விடுவதல்ல. ஒவ்வொரு கட்டையையும் இறக்கி, எண் போட்டு, நீளமும் சுற்றளவும் அளந்து, வெட்டுமுகத்தில் துறையின் முத்திரைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அங்கேயே, வெளியாட்கள் இரண்டு பேர் முன்னிலையில், கண்டதை எல்லாம் மகஜராக* எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

அன்று கொட்டித் தீர்த்த மழை. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒருவர்தான் சாட்சிக்குக் கிடைத்தார். மறுநாள் காலை அத்தான் நனைந்த தாளோடு என் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, உனக்குத்தான் எழுத்து நல்லா வருமே. இதைக் கொஞ்சம் தெளிவா எழுதிக் குடு. அப்படியே கீழ ஒரு கையெழுத்தும் போட்டுரு."

எழுதினேன், போட்டேன். பஞ்சர் கடைக்காரரும் புதுத் தாளில் படிக்காமலே போட்டார். பிறகு அவர் கடையை எடுத்துவிட்டு எங்கேயோ போய்விட்டார். மிச்சமிருப்பது சாட்சி எண் இரண்டு. அன்று நான் அந்த இடத்தில் இல்லை என்பது இந்த நிமிடம் வரை, அக்காவையும் சேர்த்து, நான்கு பேருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

நான் "ஆமாம், பார்த்தேன்" என்றால் லாரி அரசுடைமையாகும். அதன் ஓட்டுநரே அதன் சொந்தக்காரர். வேறு லாரி அவருக்கு இல்லை.

(* "நேரில் கண்டபடி எழுதப்பட்டது" என்று முடியும் ஒரே வகை உரைநடை. நான் எழுதியதில் அரசாங்கம் ஏற்றுக்கொண்டதும் அது ஒன்றுதான்.)

2

காட்சியை முதலில் எழுதிப் பார்த்துவிட்டால் உள்ளே போய் உளற மாட்டேன் என்பது என் கணக்கு.

தொடக்கம் ஒன்று: "லாரியின் நீலத் தார்ப்பாயை விலக்கியபோது" (நீலமா? விசாரணை அதிகாரி கேட்பார். பச்சையாக இருந்தால் தொலைந்தேன்.)

தொடக்கம் இரண்டு: "நான் தற்செயலாக என் பைக்கில் அந்த வழியே" (என்னிடம் பைக் இல்லை. கதையில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். விசாரணையில் பதிவெண் வேண்டும்.)

தொடக்கம் மூன்று: "பதினான்காவது கட்டையை இறக்கியபோது வனவர் குனிந்து அதன் முகத்தை"

இந்த மூன்றாவதை இரண்டு நாளாக முடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

3

சொந்த நிலத்தில் அனுமதி வாங்கி வெட்டிய மரமென்றால், ஒவ்வொரு கட்டையிலும் நில உரிமையாளரின் முத்திரை அடித்திருக்கும். ஓட்டுநரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. கட்டைகளில் முத்திரையும் இருந்தது என்கிறார் அவர். மகஜரோ "எக்கட்டையிலும் உரிமையாளர் முத்திரை காணப்படவில்லை" என்கிறது. முத்திரை இல்லையென்றால் சீட்டு வேறு மரத்துக்கானது, லாரியில் இருந்தது காட்டு மரம்.

அந்த வாக்கியம் என்னுடையது.

ஈரத்தாளில் "உரிமையாளர் முத்திரை" வரை இருந்தது. அதற்குமேல் மை கரைந்து ஓடியிருந்தது. அத்தான் அடுக்களையில் அக்கா கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காணப்படவில்லை என்று முடித்தால் ஓசை நன்றாக இருந்தது. அந்த அற்ப சந்தோஷத்துக்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

போன வாரம்தான் அவரிடம் கேட்டேன்.

"அத்தான், முத்திரை இருந்துச்சா இல்லையா?"

"எல்லா முகத்துலயும் சேறு அப்பியிருந்துச்சு மாப்ள. கழுவிப் பார்க்கணும்னு குறிச்சு வச்சேன். மழையில அப்புறம் எங்க கழுவறது? சேத்து மேலயே சுத்தியலை அடிச்சுட்டேன்."

"அப்ப நான் எழுதினதைப் படிச்சீங்களே?"

"படிச்சேன். நீ அவ்வளவு தெளிவா எழுதியிருந்தியா, சரி, நாமதான் பார்த்துட்டு மறந்துட்டோம்போலன்னு நெனச்சுட்டேன்."

அத்தான் கெட்டவர் அல்ல. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, எழுதிய பிறகும் நம்பிக்கை வரவில்லை.

4

நேரில் போய்ப் பார்த்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். போனேன். துறையின் மரக்கிடங்கு, தகரக் கூரை, வரிசை வரிசையாக அடுக்குகள். கிடங்குக் காவலர் இருபத்து மூன்றையும் எண்ணிக் காட்டினார். எல்லா முகங்களும் பளிச்சென்று புதிதாக இருந்தன. துறை முத்திரை மட்டும் நடுவில்.

"வெயில்ல முகமெல்லாம் வெடிச்சுப்போச்சு சார். அடுக்கு சமமா நிக்கணுமில்ல? ரெண்டு பக்கமும் ஒரு சாண் அறுத்துட்டு, திரும்பவும் சுத்தியல் அடிச்சாச்சு. எல்லாம் முறைப்படிதான்."

"அறுத்த துண்டெல்லாம்?"

"வெந்நீர் வச்சோம்."

அவர் எனக்கு டீ கொடுத்தார், குடித்தேன். ஆக, பதினான்காவது கட்டையின் முகம் இனி என் வாக்கியத்தில் மட்டும்தான் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் கிடைக்காது.

5

(இங்கே அக்கா தொலைபேசியில் குறுக்கிட்டாள். அப்படியே தருகிறேன்.)

"அவருக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தான்டா இருக்கு. சாட்சியில்லாம எழுதினாருன்னு தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒரு 'ஆமா' சொல்ல உனக்கு வாய் வலிக்குதா? கதையில எத்தனை பேரைக் கொன்னிருக்க, கண்ணை மூடிக்கிட்டு!"

"அவங்கல்லாம் நான் உண்டாக்கினவங்க, அக்கா."

"அந்த லாரிக்காரரை நீ பார்த்தது கூட இல்லையே. அப்புறம் என்ன?"

அதுவும் அந்தச் சமயத்தில் நியாயமாகத்தான் பட்டது. ஓட்டுநரை வெறும் பாத்திரமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மீசை வைத்தேன், எடுத்தேன். குடிப்பவராக ஆக்கினேன். ஏற்கெனவே இரண்டு முறை மரம் கடத்தியவராகவும் ஆக்கிப் பார்த்தேன். அப்படி எழுதியபோது நிம்மதியாக இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவரே வீட்டுக்கு வந்துவிட்டார். மகஜரின் நகலில் என் முகவரி இருக்கிறதே. சண்டைக்கு வந்தவர் என்று நினைத்துக் கதவைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டேன். சவரம் செய்த முகம். சட்டையை உள்ளே விட்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க சார். அன்னைக்கு நீங்க அங்க நின்னது எனக்கு ஞாபகமே இல்ல. பயத்துல யாரையும் சரியா பார்க்கல. நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க?"

"லாரிக்குப் பின்னால" என்றேன். சட்டென்று வந்துவிட்டது.

"அப்ப நல்லதாப்போச்சு. கட்டையோட முகமெல்லாம் பின்பக்கம்தான் இருந்துச்சு. ஏத்தும்போது நானே ஒண்ணொண்ணா தடவிப் பார்த்துத்தான் ஏத்தினேன். சேறு ஒட்டுனது அப்புறம்தான். நீங்க எதைப் பார்த்தீங்களோ அதைச் சொல்லுங்க சார், எனக்கு அது போதும்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவட்டுமா என்று கேட்டார்.

6

முடிவுகள்:

அ) "பார்த்தேன்" என்கிறேன். லாரி போகிறது. அத்தான் ஓய்வு பெறும் நாளில் எனக்கு ஒரு சால்வை.

ஆ) "பார்க்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்" என்கிறேன். லாரி திரும்புகிறது. அத்தானோடு நானும் மாட்டிக்கொள்கிறேன். அக்கா என் வீட்டுப் படி ஏறுவது அன்றோடு சரி.

இ) "நினைவில்லை." கோழையின் முடிவு. எழுதும்போது எனக்கு மிகவும் பிடித்திருந்ததும் இதுதான். ஆனால் நினைவில்லை என்றால் மகஜர் அப்படியே நிற்கும். அ-வும் இ-யும் ஒன்றுதான்.

7

வியாழன், பத்து இருபத்தைந்து. விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முழங்கால் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். அத்தான் மாடிப்படிக்கு அருகில் நிற்கிறார். கையில் தொப்பி. என்னைப் பார்க்காமல் இருக்க அறிவிப்புப் பலகையை நான்காவது முறையாகப் படிக்கிறார்.

ஓட்டுநர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இப்போது தொலைபேசியில் மனைவியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மெதுவாகத்தான் பேசுகிறார், ஆனால் தோளோடு தோள் இடிக்கிறது.

"சாட்சி வந்துட்டாரு. பக்கத்துலதான் இருக்காரு. நீ இனிமே அழாத."

உதவியாளர் கதவைத் திறந்து என் எண்ணைக் கூப்பிடுகிறார்.

இதற்குமேல் நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்வேன், அது எனக்குத் தெரியும். என்னை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நான் எழுந்த இடம் காலியாக இருக்கிறது, நீங்கள் வந்து அவர் பக்கத்தில் உட்காருங்கள். கதவு மெல்லிய பலகைதான், உள்ளே பேசுவது வெளியே கேட்கும். நான் என்ன சொல்கிறேன் என்பதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.