அதிகமாக வந்த தலைகள்

பம்பாயிலிருந்து ரகுபதி வந்த நாள் முதல் ஐரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருவொற்றியூரில் அவள் வேலை பார்த்த பெரிய இரும்புத் தொழிற்சாலை கம்ப்யூட்டர் வாங்கத் தயாரா என்று பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை. அறுபத்தொன்பதில் மெட்ராஸில் பலர் அந்தச் சொல்லையே கேட்டதில்லை. தயார் என்று அவர் எழுதினால், ஆட்களின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸிலிருந்து, அதாவது அவள் இருந்த இடத்திலிருந்து, ஒருவர் பயிற்சிக்குப் பம்பாய் போகலாம்.

"உங்க பேரைத்தான் எழுதப்போறேன், மிஸ் ஐரீன்" என்று சொல்லியிருந்தார்.

அதன்பிறகு துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் தன்னைக் கூப்பிடுவதுபோல் இருந்தது அவளுக்கு. ராயபுரத்தில் பிறந்து, வாசலிலேயே கடலை வைத்துக்கொண்டு, எந்த ஊருக்கும் போகாதவள்.

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை இருந்தது. தொழிலாளி அதில் தொங்கும் தன் பித்தளை டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போவான். பெட்டியில் டோக்கன் விழுந்தால் ஆள் வந்துவிட்டான் என்று கணக்கு. ஆனால் ராயபுரம் குப்பத்துப் பையன்கள் பலர் அங்கே வேலையில் இருந்தார்கள். கடலில் காணாங்கத்தை மீன் கூட்டமாக வந்துவிட்டால் அவர்கள் அப்பாவோடு கட்டுமரம் ஏறிவிடுவார்கள். தோஸ்துகள் டோக்கனைப் போட்டு, அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் மீன் பங்கு உண்டு, டைம் ஆபீஸுக்கும்.

"நாளைக்கு ஒரு சோதனை. இரும்பு வார்க்குற பவுண்டரி டோக்கனுக்கெல்லாம் நீங்க ஆளுக்கு ஒரு கார்டுல ஓட்டை பஞ்ச் பண்ணுங்க, மெஷின் அதைத்தான் படிக்கும். நான் அங்க போய்த் தலையை எண்றேன். ரெண்டும் ஒத்துப்போகணும். பொய்யைக் கொடுத்தா மெஷின் அதையே வேகமா திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான்" என்றார் ரகுபதி.

அவள் தம்பி ஸ்டானிஸ்லாஸ் பவுண்டரியில் தற்காலிக ஆள். இப்படிக் கடலுக்குப் போய் ஒருமுறை பிடிபட்டிருந்தான். இன்னொருமுறை என்றால் வேலை போய்விடும்.

"டேய், நாளைக்கு ஒருத்தனும் கடலுக்குப் போவக்கூடாது" என்றாள் வீட்டில்.

"சரிக்கா. உன் மெஷினுக்கு ஏசி ரூமாமே. எங்களுக்கு ஒரு ஃபேனு கெடியாது."

விடிந்தபோது அவன் பாய் காலியாக இருந்தது. சுவரில் வலையும் இல்லை. கடலில் மீன் கூட்டம் வந்த இடத்தின் மேல் பறவைகள் தாழ வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

டைம் ஆபீஸில் பெட்டியைக் கவிழ்த்தாள். தம்பியின் டோக்கன் உள்ளே கிடந்தது. அதற்கும் ஒரு கார்டைத் துளையிட்டாள். ரகுபதி பவுண்டரிக்குப் போய் வெகுநேரமாகியும் திரும்பவில்லை. உட்காருவதும் எழுந்து ஜன்னலுக்குப் போவதுமாக இருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தம்பியின் தோஸ்து மாரியப்பனின் முகம் வந்தது. பெருமையில் பளபளத்தது.

"பயப்படாதக்கா. எண்ணி முடிச்ச ஆளு பின்பக்கமா சுத்திகினு வந்து மறுபடியும் நின்னுகினான்."

"எத்தினி பேருடா?"

"எல்லாரும்தான். ஸ்டானிக்காக நிக்கமாட்டேன்னு எவன் சொல்லுவான்?"

ஐரீன் கண்களை மூடிக்கொண்டாள்.

ரகுபதி வந்து எதிரில் உட்கார்ந்தார். "எல்லா கம்பெனியிலயும் ஆள் குறையும். இங்கதான் கூடுது." சிரித்தார். பிறகு சிரிப்பு மறைந்தது. "வராத யாரையோ மறைக்கத்தான் கூடுது. பரவாயில்லை. யார் டோக்கன் விழுந்தும் ஆள் வரலைன்னு இங்க ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா சரிபண்ணிடலாம். பேரை எழுதிக் கொடுத்தா மேனேஜர் பார்த்துப்பார். நானும் தயார்னு எழுதிடுவேன். உங்களுக்குத் தெரியுமா?"

அவள் கையில் கார்டுக் கட்டு இருந்தது. மேலே இருந்தது தம்பியின் கார்டு. தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது. அது ஓயும்வரை காத்திருந்தாள்.

"தெரியாது சார்."

அவர் பேனாவை மூடினார். "அப்ப இன்னும் தயாராகலை" என்றார்.

சாயங்காலம் ஸ்டானிஸ்லாஸ் கூடையோடு வந்தான். மேலெல்லாம் உப்பு பூத்திருந்தது.

"டைம் ஆபீஸ் பங்குக்கா. உன்ன அனுப்புறாங்களா?"

"இல்ல."

கூடையைக் கீழே வைத்தான். "என்னாலயா?"

"கைய கழுவு போ."

அவன் அசையவில்லை. அவள் ஒரு மீனை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி கூடையிலேயே போட்டாள்.

"இன்னிக்கு எவ்ளோ தூரம் போனீங்க?"

"கரை மறையிற வரைக்கும்."

"அங்க எப்படி கீது?"

யோசித்தான். "சும்மா தண்ணிதான்க்கா."

"நாளைக்கு என்னையும் ஏத்திகினு போ."

"கட்டுமரத்துல பொம்பளைங்க ஏறக்கூடாதுக்கா."

"தெரியும்" என்றாள். வாசலுக்குப் போனாள். உட்காரவில்லை. கடலில் விளக்குகளோடு ஒரு கப்பல் நங்கூரம் தூக்கிக்கொண்டிருந்தது.