நடு அறைக்கு வழி

அந்த வீட்டுச் சுவரில் முதல் விரிசல், ‘கிராக்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் பெரியவனின் மனைவிக்குப் புரிந்த நொடியில் விழுந்தது. சுவர் புதியது, சிமெண்டிலும் குறையில்லை. எதற்கெடுத்தாலும் கொத்தனாரைத் திட்டும் அந்தத் தெருகூட இந்த ஒரு விஷயத்தில் அவரை விட்டுவிட்டது.

சுவர் எழுந்த கதை இது. அப்பா விட்டுப்போன வீட்டைப் பெரியவனும் சின்னவனும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். கடைத்தெருவைப் பார்த்த முன்பாதி பெரியவனுக்கு, பேருந்துச் சாலையைப் பார்த்த பின்பாதி சின்னவனுக்கு. இடையில் குளியலறையோடு ஓர் அறை, இரு பக்கமும் ஒவ்வொரு கதவு. அதில் கணுக்கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தாள் இருவருக்கும் மூத்த அக்கா, ஆங்கில ஆசிரியை. அவளுடைய வாசல் எந்தப் பங்கில் இருக்கிறதோ, அவளுடைய சோறும் வைத்தியமும் அந்தப் பங்கின் தலையில் விழும் என்று தம்பிகள் தனித்தனியே யோசித்தார்கள். அவள் மாத்திரை போட்டுத் தூங்கிய ஒரு பகலில், ஒருவனுக்குத் தெரியாமல் ஒருவன், தன் பக்கத்துக் கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தான். மற்றவன் பக்கம் திறந்திருக்கும் என்பது இருவரின் நம்பிக்கை. தனித்தனியாக இருந்தால் தந்திரசாலிகள், சேர்த்துப் பார்த்தால் மண்டூகங்கள் என்று சொல்லத்தக்க சகோதரர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உண்மை தெரிந்த பிறகும் எவனும் கடப்பாரையைத் தொடவில்லை.

“அவன் உடைக்கட்டும், நான் வேண்டாம்னா சொன்னேன்?” என்றான் பெரியவன்.

“மூத்தவன் இருக்க நான் உடைச்சா மரியாதையா இருக்குமா?” என்றான் சின்னவன். அவனுக்கு மரியாதை நினைவுக்கு வந்தது அன்றுதான்.

“ரெண்டு பேருக்கும் ஒரு கதவு வைக்க வக்கில்ல. பங்கு மட்டும் இனிக்குது” என்று சுவருக்குள்ளிருந்து அக்கா சொன்னாள். மொட்டை மாடியில் பழைய குழாய் போயிருந்த துளை வழியாக வீட்டு மருமகள்களான தம்பி மனைவிகள் இருவரும் முறை வைத்துக் கயிற்றில் சாப்பாடு இறக்கினார்கள்.

பெரியவனின் மனைவிக்கு அலுவலகத்தில் பதவி உயர்வுத் தேர்வு வந்தது. ஆங்கிலத் தாளில் சொற்பொருள் விளக்கம் கேட்பார்கள். அவள் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

“அண்ணி, கிராக், கேப், ஸ்லிட்… எனக்கு எல்லாமே ஓட்டைதான்.”

“எல்லாத்துக்கும் ஓட்டைன்னு எழுதினா உன் மார்க்குலதான் ஓட்டை விழும். கேளு. கிராக்னா உடைஞ்சிருக்கும், ஆனா பிரிஞ்சு விழாது. காத்து நுழையும், விரல் நுழையாது.”

“ஓ, அப்படியா” என்றாள் இவள். சுவர் டப்பென்று விரிந்தது. காற்று நுழைந்தது, விரல் நுழையவில்லை.

இது வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். சொல்லை உச்சரித்தால் மட்டும் எதுவும் நடக்காது. கேட்பவளுக்கு அதுவரை தெரியாத பொருள் அப்போதுதான் விளங்க வேண்டும். அதனால்தான் ‘டோர்’ பயன்படவில்லை. அது யாருக்குத்தான் தெரியாது? திறப்பும் சொல்லின் பொருளுக்கு ஒரு நூல் கூடவோ குறையவோ செய்யாது. கேப் என்றால் வரிசையில் இருக்க வேண்டிய ஒன்று இல்லாத இடம் என்று விளங்கியபோது ஒரே ஒரு செங்கல் காணாமல் போனது. ஸ்லாட் என்றால் அளவான ஒரு பொருள் நுழைவதற்கென்றே வெட்டிய வாய் என்று விளங்கியபோது பரீட்சை வழிகாட்டி புகுமளவுக்கு ஒரு நீள்வாய் வந்தது. நோட்டுப் புத்தகம் புகவில்லை. வென்ட் சமையல் புகையை உள்ளே விடாமல் அறையின் புழுக்கத்தை மட்டும் வெளியே விட்டது. லூப்ஹோல் கோட்டைச் சுவரில் அம்பெய்ய விட்ட துளையைப் போல உள்பக்கம் அகன்று வெளிப்பக்கம் குறுகி அமைந்தது. அதன் வழியே அக்கா தம்பியைப் பார்த்தாள், தம்பியால் அக்காவைப் பார்க்க முடியவில்லை. ஹேட்ச் என்றால் சாமான் கொடுத்து வாங்கும் சிறு திறப்பு என்று விளங்கிய பிறகு சாப்பாட்டுத் தட்டு நேராகவே உள்ளே போனது.

சின்னவனுக்கு ஒரே சந்தோஷம். “ஓட்டையெல்லாம் அண்ணன் பக்கம். பொறுப்பும் அண்ணன் பக்கம்” என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

பெரியவன் வக்கீலைப் பார்த்தான். தட்டு போகும் வழி ஆள் போகும் வழி ஆகாது, ஆனால் இனி ஜாக்கிரதை என்று வக்கீல் சொன்னார். மனைவியின் சம்பள உயர்வும் வேண்டும், அக்காவும் வேண்டாம் என்பதால், பெரியவன் பாடத்தைத் தானே ஏற்றுக்கொண்டான். “பாசேஜ்னா நடைவழி. காரிடார்னா நடைக்கூடம். கேட்வேன்னா நுழைவாயில். ஏன் எதுக்குன்னு கேக்காம மனப்பாடம் பண்ணு.” அவள் மனப்பாடம் செய்தாள். சுவர் அசையவில்லை. ஒருமுறை அப்படிக் கற்ற சொற்கள் பிறகு அக்கா விளக்கியும் சுவரை அசைக்கவில்லை. தெரியும் என்ற நினைப்பு போல அறிவை அடைக்கும் செங்கல் இல்லை. நல்ல வழிகளையெல்லாம் இப்படி ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டு வந்தவன், கடைசிச் சொல்லுக்கு வந்தபோது நாக்குப் புரளாமல், “இதெல்லாம் கேக்க மாட்டான்” என்று பேனாவால் அடித்தான்.

அக்காவின் கால் கட்டு அதற்குள் அவிழ்ந்து, அவள் அறைக்குள் நடந்து பழகியிருந்தாள். நடக்க நான்கு சுவர்தான் இருந்தது. பள்ளியும் திறக்கவிருந்தது, போகாவிட்டால் வேலை போய்விடும்.

“அண்ணி, இனிமே ஒண்ணுமே மிச்சமில்ல. கடைசி வார்த்தையையும் அவர் அடிச்சுட்டார்” என்றாள் மூத்த மருமகள்.

“அந்த மண்டு என்ன அடிச்சு வச்சிருக்கான்னு படி.”

“தரோ… தரோஃபேர்.”

அக்கா சிரித்தது ஹேட்ச் வழியாகக் கேட்டது. “நாற்காலிய கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோ. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் அடைச்சிருந்தா அது தரோஃபேர் இல்ல. இந்தக் கோடில நுழைஞ்சா அந்தக் கோடில வெளிய வரணும். யார் வேணும்னாலும் போகலாம். யாரையும் கேக்க வேண்டாம். சொந்தக்காரன் முறைச்சாலும் சரி.”

“இப்ப புரியுது அண்ணி.”

முன்சுவர் போனது, நடு அறையின் இரு சுவர்களும் போயின, சின்னவனின் கூடம் பிளந்தது, பின்சுவரும் போனது. வண்டி போகும் அகலத்துக்குத் தரை சமமாகக் கிடந்தது. அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து நின்ற சின்னவனிடம் “நகருடா” என்று சொல்லிவிட்டு, பேருந்துச் சாலையில் இறங்கினாள். பள்ளிக்கருகில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டாள். தேர்வில் தேறிய மருமகள் விடுமுறைகளில் அங்கே போய்விடுகிறாள்.

தம்பிகள் முதன்முறையாக ஒன்றுசேர்ந்து அந்த வழியை அடைத்துப் பார்த்தார்கள். செங்கல் வைத்த இடத்தில் நிற்கவில்லை. கடைத்தெருவிலிருந்து பேருந்துக்கு ஓடுபவர்களுக்கு அது குறுக்குவழி ஆனது. நகராட்சி சின்னவனின் கூடத்தில் ஒரு தெருவிளக்கை நட்டது. பெரியவன் தன் படுக்கையறையிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடக்கிறான்.