திருமுருகன் சிரிக்கிற இடம்

"வந்துச்சா நைனா?"

வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மங்கம்மா உள்ளே பார்த்துக் கேட்டாள். கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்த தண்டபாணி நிமிரவில்லை.

"வந்துகினே கீது மா. முக்கால்வாசி வந்துட்ச்சு."

நேற்றும் முக்கால்வாசிதான் வந்தது. முந்தாநாளும் அப்படித்தான். அங்கே போய் நின்றுகொள்ளும். பிறகு படம் இருந்த பக்கமே மறைந்துபோய், ரம்மி ஆட வாங்க என்று ஒரு பெண் கண்ணடிப்பாள். அவளை மூடினால் இன்னொருத்தி வருவாள். மூடுவதற்கான பெருக்கல் குறியைத் தொட்டாலே புதிதாக இரண்டு பக்கம் திறக்கும்.

எர்ணாவூரைத் தாண்டிக் கடலோரம் இருந்த அந்தக் குப்பத்தில் போன வருடம் ஒரு சினிமா எடுத்தார்கள். அலையில் படகைத் தள்ளுகிற காட்சிக்கு உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றார்கள். தண்டபாணியின் தம்பி திருமுருகனும் போனான். படகைத் தள்ளிவிட்டுத் திரும்பி, ஈரத் தலையை உதறிக்கொண்டு, அவன் பாட்டுக்குச் சிரித்தான். அதைப் பார்த்த டைரக்டர் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோகச் சொன்னாராம். ஊரெல்லாம் அதையே சொல்லித் திரிந்தான் திருமுருகன்.

படம் வெளிவர ஒரு வாரம் இருந்தபோது, முகத்துவாரத்தில் ஓர் அலை அவன் போன படகைப் புரட்டிப் போட்டது. மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். திருமுருகன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அவன் சட்டையை மணலில் விரித்து வைத்துத்தான் எல்லாச் சடங்கையும் செய்தார்கள்.

சாவு விழுந்த வீட்டிலிருந்து யாரும் சினிமாவுக்குப் போக முடியாது. கருமாதி முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது படம் எல்லாத் தியேட்டரையும் விட்டுப் போயிருந்தது. பட முதலாளிகளுக்குள் ஏதோ வழக்காம். டி.வி.யிலும் வராது, செல்லிலும் வராது என்றார்கள்.

வீட்டுக்கு வேண்டியவர்களில் பார்த்தது தண்டபாணியின் கூட்டாளி நெல்சன் மட்டும்தான்.

"ஸ்கிரீன் ஃபுல்லா நம்ம திருமுருகன்தான் மாமு. நேரா என்னையே பாத்துச் சிரிக்கிறான். எனக்கு ஒடம்பே ஆடிப்பூட்ச்சு."

இது மங்கம்மாவின் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்று பிடித்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. திருமுருகனின் கைபேசி, அதிலிருந்த படங்கள் எல்லாவற்றோடும், அவனோடு கடலுக்குள் போய்விட்டது. வீட்டுச் சுவரில் மாலை போட்டிருந்தது மீனவர் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படம். கண் விறைத்து, வாய் இறுகி, யாரோ அதட்டி நிற்கவைத்ததுபோல் இருந்தான்.

"இது இன்னாடா, போலீஸ்காரன் புட்ச்சுகினு போனவன் மாதிரி. என் புள்ள என்னிக்கு இப்டி மூஞ்ச வெச்சுகினு இருந்தான்? பொணத்தக்கூட பாக்கல. சிரிக்கிறதையாவது ஒருவாட்டி பாத்துக்கறேன் நைனா."

இன்னொன்றும் மிச்சம் இருந்தது. தண்டபாணியின் கைபேசிக்குத் தம்பி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். 'ணா, ஐஸ் வாங்கிட்டியா?' 'ணா, வஞ்சிரம் மாட்டிகிச்சு, அம்மாவாண்ட கொழம்புக்கு அரைக்கச் சொல்லு.' ஒன்றில் பேச்சே இல்லை, எதையோ சொல்ல ஆரம்பித்துச் சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டே இருப்பான். அதைக் கேட்டு மங்கம்மா சுவரில் சாய்ந்து விழுந்ததும் தண்டபாணி பயந்துபோனான். மூச்சு திரும்பியதும் அவள் சொன்னாள், "பத்திரமா வெச்சிரு. எனக்கு மனசு கெட்டியாவட்டும், அப்பால கேக்கறேன்."

முதலில் அவன் நேர்வழியில்தான் போனான். ஷூட்டிங்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜென்டுக்குப் போன் போட்டான். "கேட்டுச் சொல்றேன்" என்றவன் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பஸ் மாறி மாறிப் படக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனான். படமே கோர்ட்டில் கிடக்கிறது, உனக்கு எங்கிருந்து துண்டு வெட்டித் தருவது என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம்தான் நெல்சன் ஒரு லிங்க் அனுப்பினான். "சும்மா அமுக்கு மாமு. எல்லாப் படமும் கீது."

எல்லாப் படமும் இருந்தது, இந்தப் படத்தைத் தவிர. இதே பெயரில் ஒரு தெலுங்குப் படம் இறங்கியது. இன்னொன்று திறக்க பாஸ்வேர்டு கேட்டது. மற்றொன்றில் டிரெய்லரே திரும்பத் திரும்ப ஓடியது. மங்கம்மாவோ தினமும் வெங்காயத்தோடு வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், வந்துச்சா நைனா, வந்துச்சா நைனா என்று.

அன்றைக்கு முக்கால்வாசியில் நிற்கவில்லை. முழுதாக இறங்கியது. கூடவே ஓர் அறிவிப்பு: படத்தைப் பார்க்க எங்கள் பிளேயரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏற்றினான். அது மெசேஜ்களைப் பார்க்க அனுமதி கேட்டது. கொடுத்தான். போன் நம்பர்களைக் கேட்டது. கொடுத்தான். உள்ளே இருக்கும் ஃபைல் எல்லாவற்றையும் கேட்டது. அதையும் கொடுத்தான்.

அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்த அவன் மனைவி ஜெயஸ்ரீ, "இன்னாய்யா அது, எத்தக் கேட்டாலும் குட்துகினே கீற? அவன் இன்னா உன் மாமனா மச்சானா?" என்றாள்.

"படம் வேணும்னா குடுக்கணும். நீ சும்மா இரு." அம்மாவைக் கூப்பிட்டான். "வந்துட்ச்சு மா. வந்து குந்து."

மங்கம்மா கையைக் கழுவினாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டாள். ஊருக்குப் போன பிள்ளை தெருமுனையில் வந்துவிட்டான் என்பதுபோல வந்து உட்கார்ந்தாள்.

திரை கறுத்தது. அப்படியே நின்றது. கைபேசி சுடச் சுடக் கொதித்தது.

சற்று நேரத்தில் தெருவில் நெல்சனின் குரல் கேட்டது. "மாமு, நீ அனுப்புன படத்த அமுக்கினேன், என் போனும் பூட்ச்சு."

தண்டபாணி யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. அவன் கைபேசி அனுப்பியிருந்தது. அதில் இருந்த அத்தனை பேருக்கும், 'படம் வந்துவிட்டது, பாருங்கள்' என்று.

மறுநாள் காலை கரையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அவன் தலையைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா தண்டபாணி, ஊருக்கே படம் காட்டிட்ட?"

"டிக்கெட்டு காச எங்க பேங்க்லேர்ந்து அந்த பிளேயர்காரனே எடுத்துகினான் பா. சில்லறைகூட மிச்சம் வெக்கல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் அன்று அவன் கூடையைத் தூக்க யாரும் கை கொடுக்கவில்லை. போலீஸுக்குப் போகலாமா என்று நெல்சனைக் கேட்டான். "போ. மொதல்ல உன்னதான் கேப்பான், அந்தத் திருட்டு சைட்டாண்ட உனுக்கு இன்னாடா வேலைன்னு" என்றான் நெல்சன்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பஷீரின் செல்போன் ரிப்பேர் கடை. பஷீர் எதையெதையோ மாட்டிக் கழற்றி, கடைசியில் திரைக்கு உயிர் கொடுத்தான்.

"எல்லா ஃபைலையும் பூட்டு போட்டு வெச்சிருக்கான் ணா. காசு குட்தா தொறப்பேன்றான். குட்தாலும் தொறக்க மாட்டான்."

"படம் கெடக்கட்டும் பஷீரு. வாய்ஸ் மெசேஜ் கொஞ்சம் கீது. அத மட்டும் எடுத்துக் குடு."

"பேக்கப் போட்டு வெச்சிருக்கியா?"

"அது இன்னா?"

பஷீர் திரையை அவன் பக்கம் திருப்பினான். தண்டபாணியின் பெயரில் போன மெசேஜ்களின் வரிசை மட்டும் திரையில் தெரிந்தது. அதில் ஒன்று 'தம்பி' என்ற பெயருக்கும் போயிருந்தது. படம் வந்துவிட்டது, பாருங்கள். பக்கத்தில் ஒற்றை டிக். அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

கைபேசியைக் கடையிலேயே விட்டுவிட்டு, கடலுக்குப் போகாத நேரமெல்லாம் வந்து நின்றான் தண்டபாணி. பஷீரும் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தான். முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்து, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போதுதான் கேட்டான், "அப்டி இன்னா படம் ணா அது?"

தண்டபாணி பெயரைச் சொன்னான்.

"அதுவா? தியேட்டர் பிரிண்ட் என் கையிலயே கீதே. மொதல்லயே எங்கிட்ட வந்துருக்கலாமில்ல?"

காசு வாங்காமல் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான்.

சாயங்காலம் டி.வி. முன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாய்ஸ் மெசேஜ் அழிந்துபோன விஷயம் ஜெயஸ்ரீக்குத் தெரியும். மங்கம்மாவுக்குத் தெரியாது. எப்படியும் சிரிப்பைப் பார்த்துவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான் தண்டபாணி.

யாரோ தியேட்டரில் உட்கார்ந்து கைபேசியில் எடுத்தது. திரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முன்வரிசைத் தலைகள் கறுப்பாக நின்றன. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை சிணுங்கியது, சிப்ஸ் பாக்கெட் கசங்கியது. அடியில் சூதாட்ட விளம்பரம் ஊர்ந்துகொண்டே இருந்தது. மங்கம்மா எதையும் பொருட்படுத்தவில்லை.

"இதான் மாமு. இப்ப வரும் பாரு," என்றான் நெல்சன்.

கடற்கரை வந்தது. அவர்களுடைய கடற்கரை. அலையில் படகு, அதைத் தள்ளுகிற முதுகுகள்.

"அதோ, கோடியில. அவன் முதுகு," என்றாள் மங்கம்மா. யாரும் காட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த முதுகு நிமிர்ந்தது. தலையை உதறியது. திரும்பத் தொடங்கியது.

டார்ச் வெளிச்சம் ஒன்று குறுக்கே வந்தது. தியேட்டர் ஆள் ரவுண்டு வருகிறான் போல. எடுத்தவன் கைபேசியைச் சட்டென்று மடியில் கவிழ்த்தான். டி.வி. முழுக்க இருட்டு. பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே, வெகு அருகில், ஓர் ஆண் சிரித்தான். மறுபடி வெளிச்சம் வந்தபோது கதாநாயகன் ஏதோ மலையில் ஓடிக்கொண்டிருந்தான்.

"கேட்டியா?" மங்கம்மா தண்டபாணியின் முழங்கையைப் பிடித்தாள். "சிரிச்சான் பாரு."

நெல்சன் குனிந்துகொண்டான். அந்த இடத்தில் படத்தில் பாட்டு மட்டும்தான் என்பது அவனுக்குத் தெரியும். சிரித்தவன் தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரன். தண்டபாணிக்கும் புரிந்தது.

"திரும்பப் போடு நைனா."

போட்டான். முதுகு, தலை உதறல், இருட்டு, சிரிப்பு. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அதற்கடுத்த தடவை அவள் முகம் மாறியது.

"அவன் சிரிச்சா கடைசில கொஞ்சம் இழுக்கும் இல்ல? இதுல இழுக்கலையே. எனக்கே மறந்துகினு வருதா இன்னா?" சிறிது யோசித்தாள். "அந்த வாய்ஸப் போடு நைனா. மனசு கெட்டியாதான் கீது. ஒருவாட்டி கேட்டா தெரிஞ்சுடும்."

ஜெயஸ்ரீ எழுந்து அடுப்பங்கரைக்குள் போனாள்.

உள்ளே எல்லாம் அழித்துத் துடைத்த கைபேசி தண்டபாணியின் சட்டைப் பையில் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

"அது இன்னாத்துக்கு மா," என்றான். "இது அவன்தான். எனக்குத் தெரியாதா?"

"நெசமாவா?"

"அவன்தான் மா."

மங்கம்மா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ சொன்னா சரி. திரும்பப் போடு."

போட்டான். இருட்டில் எவனோ சிரித்தான். மங்கம்மாவும் மெல்லச் சிரித்தாள். தம்பி கடைசியில் எப்படி இழுப்பான் என்று தண்டபாணி நினைத்துப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தான். வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரனின் சிரிப்புதான் வந்தது.