சுவரின் வெள்ளை

ஸ்டுடியோவில் அக்காவும் தம்பியும் வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கேமராவிலிருந்து வரும் மூலப் படமான ரா ஃபைலைத் திறந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்வது தம்பி. பிறகு போட்டோஷாப்பில் முகப்பரு, மின்கம்பி, குறுக்கே வந்து நின்ற யாரோ ஒரு மாமா எல்லாவற்றையும் நீக்குவது அவள். வெளிச்சம் செய்த தப்பு அவனுக்கு, மற்ற தப்பெல்லாம் அவளுக்கு. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை.

அம்மா போன பிறகு, ஹாலில் மாட்ட அப்பா ஒரு படம் கேட்டார். "சிரிச்ச மாதிரி இருக்கட்டும்" என்றார். எந்தப் படம் என்று மூவருக்குமே தெரியும். சித்தி வீட்டு மாடியில் வெள்ளைச் சுவரோரம் அம்மா நின்றபோது தம்பி எடுத்தது. அப்போது போட்ட பிரதி சின்னது, பெரிதாக்கினால் மங்கிவிடும். ரா ஃபைலிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். தம்பி வெளியே போயிருந்தான். அவனுக்கு இது ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரா ஃபைலில் எதுவும் அழிவதில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினால் திருத்தங்கள் விலகி, கேமரா பார்த்தது அப்படியே வந்துவிடும். சும்மா அழுத்திப் பார்த்தாள்.

சுவர் வெள்ளையாக இருந்தது. அம்மா மஞ்சளாக இருந்தாள். கன்னம், கழுத்து, சிரிப்பில் சுருங்கிய கண்களின் வெள்ளை கூட.

வெயில் மஞ்சளாக இருந்திருந்தால் சுவரும் மஞ்சளாகியிருக்கும். தம்பி முகத்தை மட்டும் பார்த்திருக்கிறான். வெயில்தான் காரணம் என்று நினைத்து, மொத்தப் படத்தையும் நீலத்துக்குத் தள்ளியிருக்கிறான். அம்மாவின் முகம் தெளிந்தது. சுவர் நீலமாகி, படம் அக்காவின் மேசைக்கு வந்தது.

"ஏன்டா, சுவருக்குக் குளிரெடுக்குதா?" என்று அன்று அவள் கேட்டாள்.

"சுவர் உன் டிபார்ட்மென்ட். நான் அம்மாவை மட்டும்தான் பாப்பேன்" என்றான் அவன்.

அவளும் முணுமுணுத்துக்கொண்டே சுவரை வெளுத்துக் கொடுத்தாள். தினமும் பார்க்கிற முகத்தில் நிறம் மெல்ல மாறுவது கண்ணுக்குப் படாது. பட்டிருக்க வேண்டிய ஒரே இடம் இந்தத் திரை. அங்கே இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைத் துடைத்துவிட்டார்கள். "என்னக்கா, கல்யாணப் பொண்ணு மாதிரி பளிச்சுன்னு இருக்கே" என்று சித்திகூடப் படத்தைப் பார்த்து அம்மாவைக் கிண்டல் செய்தாள். சில மாதம் கழித்து டாக்டர், "கண்ணு மஞ்சளானதை வீட்ல யாருமே பாக்கலையா?" என்று கேட்டபோது, "பாத்திருந்தா விட்டிருப்போமா டாக்டர்" என்றான் தம்பி. அந்தக் குரல் இப்போதும் அவள் காதில் இருந்தது.

அவன் இதைப் பார்த்துவிடக் கூடாது. பழைய திருத்தத்தைத் திரும்பப் போட்டு, பெரிய பிரதி எடுத்து, ஃபைலை எங்காவது தள்ளிவிட வேண்டும். அவசரத்தில் மவுஸ் எங்கெங்கோ ஓடியது. அதற்குள் கதவு திறந்தது.

"என் சீட்ல என்ன பண்றே?"

"அப்பா அவசரப்படுத்தறார். நானே முடிச்சிடறேன். நீ போய்ச் சாப்பிடு."

"சாப்பிட்டாச்சு."

"சாப்பிட்ட மூஞ்சியா இது?"

அவன் அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரீசெட் பண்ணிப் பாத்துட்டியா?" என்றான். குரலில் ஆச்சரியம் இல்லை. "டாக்டர் கேட்ட அன்னைக்கே வந்து நானும் பாத்துட்டேன்க்கா."

"சொல்லவே இல்லையேடா."

"சொன்னா, சுவரை வெள்ளையாக்கினது யாருன்னு நீ யோசிப்பே."

இத்தனை நாளும் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து அவன் அவளுக்காக இதை மென்று விழுங்கியிருக்கிறான். அவள் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டு எழுந்து இடம் விட்டாள்.

"அப்பாகிட்ட இப்படியே குடுக்க முடியாது" என்றான்.

"முடியாது."

இந்தத் தடவை அவன் நிறத்தைத் தொடவில்லை. நிழல் விழுந்த இடங்களை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, படத்தை அவளுக்கு அனுப்பினான்.

"இது வெளிச்சத்தோட தப்பு இல்லக்கா. உன் வேலை."

அவள் தன் மேசைக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கினாள். இருப்பதிலேயே சின்ன பிரஷ்ஷை எடுத்து, கண்ணின் ஓரத்திலிருந்து மஞ்சளைக் குறைக்க ஆரம்பித்தாள். தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.